சுவருக்கு அந்தப் பக்கம் இருமியவர்

எங்கள் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு நடுவில் பலகைச் சுவர்தான். பக்கத்து வீட்டுச் சுப்பையாவின் இருமல் முதலில் எனக்குத்தான் கேட்டது. இருமட்டும் என்று படுத்துக்கொண்டேன்.

அவர் வேன்தான் என் மகன் தாசை இடித்தது. நிறுத்தாமல் போய்விட்டார். தாசுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சுப்பையா சிறைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

ஒருநாள் அவர் சட்டையில் ரத்தம் பார்த்தேன். சிம்பாங் அம்பாட் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். காசநோய் (நுரையீரலில் கிருமி, இருமினால் பரவும்) என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. தினமும் ஒருவர் பார்க்க விழுங்க வேண்டும். பாதியில் விட்டால் பிறகு மருந்து கேட்காது.

"வீட்டுல யாரு இருக்கா?" என்று மிஸி (தாதி) கேட்டார்.

சுப்பையா தலையைக் குனிந்துகொண்டார். பெண்டாட்டி பிள்ளைகள் விட்டுப் போய் நாளாகிறது.

"நான் பாக்குறேன்," என்றேன்.

சபையில் ஞாயிறுதோறும் சத்துருக்களுக்காக ஜெபிக்கிறோம். பெயர் சொல்லாமல் ஜெபிப்பது சுலபம்.

முதல் நாள் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு மாத்திரையை நீட்டினேன்.

"விஷம் கிஷம் வெச்சிருக்கியா மேரி?"

"விஷம்னா ஒண்ணு போதாதா? இத்தன எதுக்கு? முழுங்குங்க."

வாயைத் திறந்து காட்டினார். நாக்கையும் தூக்கச் சொன்னேன்.

மிஸி முன்பே சொல்லியிருந்தார்: சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். மருந்தின் நிறம்தான், பயப்படாதீர்கள். வாந்தி வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள். சுப்பையாவுக்கு வாந்தி வந்தது. கஞ்சி வைத்துக் கொடுத்தேன்.

ஜோகூரிலிருந்து தாஸ் போன் செய்தான். நடப்பதைச் சொன்னேன்.

"கஞ்சி வேறயா? கால் போனது எனக்குத்தாம்மா. மன்னிக்கிறது நீயா?"

"மன்னிக்கலய்யா. மாத்திரதான் குடுக்குறேன்."

போனை வைத்துவிட்டான். பிறகு பல வாரம் அழைக்கவில்லை. எனக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் கோபம் வந்தது. இருமாவிட்டால் எழுந்து காது கொடுத்தேன்.

ஆறு மாதத்தில் பாதி போனபோது அவர் மாத்திரையைத் தள்ளினார். "வேணாம்லா. உடம்பு தேறிடுச்சு. நீங்க போன்ல சண்ட போட்டது எனக்குக் கேட்டுச்சு. நான் நிறுத்திக்கிறேன், உன் பையன் பேசட்டும்."

சரி என்றிருந்தால் தாஸ் அன்றைக்கே பேசியிருப்பான்.

"நிறுத்த வேண்டிய அன்னிக்கு நிறுத்தல," என்றேன். "இன்னிக்கு நிறுத்த வேணாம். முழுங்குங்க."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. விழுங்கினார். கேட்காமலே வாயைத் திறந்தார்.

கடைசிச் சோதனையில் அவர் சளியில் கிருமி இல்லை. எனக்கு எடுத்த நெஞ்சுப் படமும் சுத்தம். நானே தாசைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"ம்," என்றான். "சாப்டியா?" என்றான். பிறகு, "நான் அவர மன்னிக்கலம்மா."

"அது உன்னோடதுய்யா. நான் கேக்க மாட்டேன்."

இப்போது காலையில் போக ஓர் இடம் இல்லை. அந்த நேரம் வந்தால் கால் சும்மா இருப்பதில்லை, வாசல்வரை போய்த் திரும்புகிறேன். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் கோபம் இன்னும் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே மூச்சு விட முடிகிறது.