அந்தோணியின் ரெண்டு கதவு கார்

அந்தோணி போய்விட்டான்.

நேற்று விடியற்காலையில், தூக்கத்திலேயே. இன்று அடக்கம் முடிந்து வந்து இதை எழுதுகிறேன். மரக்காணத்துப் பழைய ஆட்கள் யாராவது இங்கே இருந்தால், அந்த வெள்ளை ஜப்பான் கார் என்றாலே போதும், ஆள் ஞாபகம் வந்துவிடும்...

எழுபதுகளில் உப்பு லாரி ஷெட்டில் அவன் டிங்கர், நான் பெயின்டர். அவன் தட்டுவான், நான் அடிப்பேன். லாரியைச் சொல்கிறேன்.

மெட்ராசில் யாரோ வெளிநாட்டு ஆபீசர் ஓட்டி, புளியமரத்தில் முட்டி, கடைசியில் காயலான் கடைக்கு வந்த கூபே கார் அது. ரெண்டே கதவு. சல்லிசாகக் கிடைத்தது என்று லாரியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான். ஷெட்டில் இறக்கியபோது ஒரு கதவு தனியாக இறங்கியது.

"டேய், இத பாண்டிச்சேரி கார் ஷோவுல நிறுத்தறேன் பாரு" என்றான்.

சிரித்தேன். சிரித்தவன் தலையிலேயே பெயின்ட் வேலையைக் கட்டினான்.

நடுவில் பிலோமினா. இவனும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்பியது ஊருக்கே தெரியும். அவள் அப்பா கோயில் உபதேசியார். ஃபாதர் ஊரில் இல்லாத நாட்களில் ஜெபம் நடத்துகிறவர். கண்டிப்பான ஆள். ஒருநாள் ஷெட்டுக்கே வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்பா, நாலு கதவுக்கு வக்கில்லயா?"

அப்புறம் சொன்னார்: "ஷோவுல கப்பு வாங்கிட்டு வா. ஞாயித்துக்கிழமை பூசையில உங்க ரெண்டு பேர் பேரையும் அறிவிச்சு கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றேன். வாங்கலன்னா இந்தத் தகரத்த எடைக்குப் போட்டுட்டு வந்து பொண்ணு கேளு."

பெண்ணும் வேண்டும், காரும் வேண்டும் இவனுக்கு. வேறு வழி... கப் வாங்கியே ஆகவேண்டும்.

எங்கள் ஊர் உப்புக் காற்று தெரியுமே. காலையில் தட்டின தகரம் சாயங்காலம் துருப்பிடித்துச் சிவந்துவிடும். அதனால் அவன் ஒரு சாண் தட்டுவான், நான் உடனே ஓடிப்போய் பிரைமர் அடிப்பேன். தார் டிரம்மை வெட்டி மட்கார்டை அகலமாக்கினான். படகு கட்டும் ஆசாரியைக் கெஞ்சி டேஷ்போர்டை தேக்கில் செய்தான். கூரையை அறுத்து நாலு விரல் கீழே இறக்கினான். உட்கார்ந்தால் தலை இடிக்கும்.

"ஷோ வண்டிடா. பாக்கறதுக்கு. உக்கார்றதுக்கா?" என்பான்.

பெயின்ட் என்னுடையது. சிப்பி வெள்ளை. கோட் மேல் கோட் அடித்து, தண்ணீர் விட்டுத் தேய்த்துத் தேய்த்து... அதில் முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம். அந்தோணி ஒருநாள் பண்ணியும் காட்டினான்.

ஷோ அன்று கிளம்பினோம். கிளம்ப விட்டால்தானே!

புது வண்டியை வெறுமனே அனுப்புகிற பழக்கம் நம்ம பக்கத்தில் எவருக்கு இருக்கிறது? முதல் அடி என் வீட்டிலிருந்தே விழுந்தது. எங்கள் அம்மா மஞ்சளைக் குழைத்து பானெட் நடுவில் அப்பிவிட்டார். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வேறு.

"அம்மா, பெயின்ட்டு!"

"கண்ணு பட்டா பெயின்ட்டு நிக்குமாடா?"

கோயில் வாசலில் ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். அதில் உப்பு மந்திரித்துப் போடுவார்கள். இத்தனை நாள் எந்த உப்பிலிருந்து காப்பாற்றினோமோ அதையே கண்ணாடி, பம்பர் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தெளித்தார். கூனிமேட்டில் சீட் தைத்துக் கொடுத்த பாய் வழிமறித்தார். துஆ ஓதி, பன்னீர் தெளித்து, சாம்பிராணிச் சட்டியை காருக்குள்ளேயே விட்டுக் காட்டினார். புகையில் எனக்கு ரோடு தெரியவில்லை. ஓட்டியவனுக்குத் தெரிந்ததா என்று நான் கேட்கவில்லை.

பாண்டிச்சேரி கடற்கரையில் இறங்கி, கொண்டுபோன நல்ல தண்ணீரில் எல்லாவற்றையும் துடைத்தோம். மஞ்சள் மட்டும் லேசாக நின்றுவிட்டது. மற்றபடி வண்டி ஜொலித்தது. அந்தோணி மூச்சுவிட்டான்.

அப்போதுதான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார் உபதேசியார். கையில் கோயில் தேருக்குப் போட்ட ஜரிகை மாலை.

என்ன இருந்தாலும் நம்ம ஊர் வண்டி என்று மனசு இளகியிருக்கிறது மனுஷனுக்கு. பானெட்டில் மாலையை வைத்தார். சரியாக இல்லை என்று இழுத்து விட்டார்...

மாலையின் உள்ளே கம்பி. 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். என் பல் கூசியது. ஒரு முழத்துக்குக் கீறல்.

அந்தோணி குனிந்து மாலையை மெல்லத் தூக்கி எடுத்தான். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

வெள்ளைக் கைக்குட்டையோடு வந்தார் ஜட்ஜ். மஞ்சளைப் பார்த்து, "இந்த ஷேடு ரொம்ப புதுசா இருக்கே, எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டார். ரொம்பக் கஷ்டப்பட்டுப் பண்ணோம் சார் என்றேன். அடுத்து கீறலில் விரலை வைத்தார்.

"இது?"

"நான் போட்டதுங்க" என்றார் உபதேசியார். "பையன் மேல தப்பில்ல. அவனுக்கு மார்க்க கொறைக்காதீங்க."

குறைத்தார்கள். கப் வேறு யாருக்கோ போனது.

திரும்பும்போது உபதேசியார் பின் சீட்டில். முழங்கால் தாடையைத் தொட, தலை கூரையில் இடிக்க, கூனிமேடு வரைக்கும் மடங்கியே வந்தார். ஒரு பள்ளத்தில் நன்றாக ஒரு இடி வாங்கினார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை ஓலை வாசிக்கச் சொல்லிடறேன்" என்றார். "வண்டியும் இருக்கட்டும்."

அந்தோணி வண்டியை அப்படியே நடுரோட்டில் நிறுத்திவிட்டான். பின்னால் வந்த உப்பு லாரிக்காரன் கத்தின கத்து இன்னும் காதில் இருக்கிறது.

அந்தக் கீறலைச் சரிபண்ணித் தருகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். "அதுல கைய வெச்சே, ஒடிச்சிடுவேன். அதாண்டா என் கல்யாணப் பத்திரிகை" என்பான். இன்றும் அவன் வீட்டு வாசலில் அந்தக் கீறலோடுதான் கார் நிற்கிறது.

இன்று பெட்டி மேல் போடச் சொல்லி பிலோமினா கையில் ஒரு ரோஜா மாலையைக் கொடுத்தார்கள். வாங்கி, திருப்பி, விரலால் ஓரமெல்லாம் தடவிப் பார்த்தாள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று. அப்புறம்தான் போட்டாள்.

பாத்துப் போடா அந்தோணி. தலைய இடிச்சுக்காதே...