கோர்ஃபக்கான் கடலில் என் மெஷின் காட்டிய மீன்

எண்பத்தாறு நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கோர்ஃபக்கானுக்கு வண்டி ஏறினேன். ஊர் சுற்ற இல்லை, டியூட்டி. அங்கே துறைமுகத்தில் நிற்கும் ஆராய்ச்சிக் கப்பலில் மீன் பார்க்கும் எதிரொலிக் கருவியை மாட்டி, ஒரு வாரம் கூடவே இருந்து ஓட்டிக் கொடுக்க வேண்டும். எங்கள் கம்பெனிக்குக் கிடைத்த முதல் கப்பல் வேலை அது. மாட்டுபவனும் நான், பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடுபவனும் நான். கிழக்குக் கரைக்குப் போக, வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் அடிக்கடி வழி கேட்கிறார்கள். அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

அல் குசைஸ் ரூமிலிருந்து தேரா டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். ஃபுஜைரா வரை ஷேர் டாக்ஸி, தலைக்கு இருபத்தைந்து திர்ஹம். அங்கே வண்டி மாறினால் கோர்ஃபக்கானுக்கு இன்னொரு ஐந்து. மொத்தம் நூற்று முப்பது கிலோமீட்டர் இருக்கும். சிக்கல் தூரத்தில் இல்லை. ஏழு பேர் சேராமல் வண்டி நகராது. ஆறு பேர் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தோம். "யல்லா பாய், கிளம்புங்கள், ஏழாவது சீட்டுக்கும் நானே தருகிறேன்" என்றேன். பட்டாணிய டிரைவர் சாவகாசமாகத் திரும்பி, "என்ன அவசரம் பாய், கடல் எழுந்து ஓடிவிடுமா?" என்று இந்தியில் கேட்டார். மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். காசை வாங்கிக்கொண்டுதான் வண்டியை எடுத்தார்.

தைத் வரை வெறும் மணல். மஸாஃபியில் மலை ஆரம்பிக்கிறது. அங்கே சாலையோரக் கடையில் பால் விடாத சுலைமானி டீ குடிக்கலாம், பழம் வாங்க வேண்டாம், விலை அதிகம். மலை இறங்கியதும் சட்டென்று கடல் தெரியும். நன்றாகத்தான் இருக்கிறது. மடியில் பத்திரமாகப் பிடித்திருந்த கருவிப் பெட்டியை விட்டுவிட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை.

கப்பலின் தலைமை விஞ்ஞானி வடதேசத்து வெள்ளைக்காரர். எல்லோருக்கும் அவர் 'டாக்டர்'. குளிர்க்கடல்களில் கடல் சிங்கங்கள் தின்னும் மீன் எவ்வளவு இருக்கிறது என்று வருடக்கணக்கில் அளந்தவராம். இங்கே கடல் சிங்கம் மாஃபி, கிடையவே கிடையாது. டால்பின் உண்டு. அது தின்னும் பொடி மீனை அதே முறையில் அளக்க வந்திருக்கிறார். முறை எளிது. கப்பலின் அடியிலிருந்து ஒலியை அனுப்புகிறோம். மீன்மேல் பட்டுத் திரும்பும் ஒலியை மெஷின் காகிதத்தில் கறுப்பாக வரைகிறது. ஆனால் அது என்ன மீன் என்று காகிதம் சொல்லாது. அதே ஆழத்தில் இழுவலையை இழுத்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். காகிதமும் வலையும் ஒரே கதையைச் சொன்னால்தான் கணக்கு செல்லும்.

கிளம்பும் முன் மெஷினைச் சோதித்தேன். என் பெட்டியில் இருந்த செப்புக் குண்டை மூன்று நைலான் நூலில் கட்டி, கப்பலுக்கு நேர் கீழே தொங்கவிட வேண்டும். அந்தக் குண்டு எவ்வளவு எதிரொலி தரும் என்பது தெரிந்த கணக்கு. மெஷின் அதையே காட்டினால் சரி. நூல் பிடிக்க வந்தவர் டெக்கில் வலைக்குப் பொறுப்பான செபஸ்தியான் அண்ணன், தங்கச்சிமடத்துக்காரர்.

"என்ன தம்பி, குண்டைக் காட்டியா மீனைக் கூப்புடுறீக?"

"நீங்க நூலை ஆட்டாமப் பிடிங்கண்ணே, போதும்."

அரை நாள் பிடித்தது. அளவு அச்சாக வந்தது.

மறுநாள் கடலில் முந்நூறு மீட்டர் ஆழத்தில் மீன் என்று காகிதத்தில் தடித்த கறுப்புப் பட்டை விழுந்தது. முள் காகிதத்தைக் கருக்கும் வாசனை அறை முழுக்க. டாக்டருக்கு ஒரே சந்தோஷம். வலை இறங்கியது. மேலே வந்தது நான்கு சொறிமீனும் ஒரு கணவாயும். இரண்டாவது இழுப்பில் அந்தக் கணவாயும் இல்லை.

ரேடியோ அறையில் பருத்தித்துறை சிவராசா இருந்தார். அவருக்கு நல்ல தீனி. "ஐசே, உம்மட மெஷின் மீனைப் பாக்குதோ, பேயைப் பாக்குதோ?"

டாக்டர் சிரிக்கவில்லை. சாயங்காலத்துக்குள் இன்னொரு இழுப்பு, அதுவும் காலி என்றால் துறைமுகத்துக்குத் திரும்பி வேறு கம்பெனி ஆளைக் கூப்பிடுவேன் என்றார். வெயில் சாய்ந்தால் அந்தப் பட்டை மேலே ஏறிக் கலைந்துவிடும். கையில் இருந்தது இரண்டு மணி நேரம்.

எல்லோரும் நான் மெஷினைத் திறப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். திறக்கவில்லை. குண்டு பொய் சொல்லாது. தப்பு வேறு எங்கோ இருக்கிறது என்று டெக்குக்கு இறங்கினேன். பின்பக்கக் கம்பியில் செபஸ்தியான் அண்ணனின் கைலிக்குப் பக்கத்தில் கொசுவலை மாதிரி நெருக்கமாகப் பின்னிய நீளமான பை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இது என்ன?"

"உள்மடி தம்பி. வலைக் கடைசில இருக்குற பெரிய மடிக்குள்ள கெட்டிக் கெடந்துச்சு. மொத நாளே அவுத்து அலசிப் போட்டுட்டேன்."

"எதுக்கு அவுத்தீங்க?"

"இதைப் போட்டா தூசி துரும்பெல்லாம் ஏறும். பொடிப்பொடியா வெறும் சங்காயம்தான் வரும், கோழித் தீவனத்துக்குக்கூட ஆவாது. எந்த முதலாளி இதைக் கேப்பான்? நல்ல மீனா ஏறட்டும்னுதான்…"

பதினைந்து வருடம் விசைப்படகில் வலை இழுத்தவர். பொடி மீனை வெளியே விட்டுப் பெரிய மீனைப் பிடிப்பது அவருக்குக் கை தானாகச் செய்யும் வேலை. கப்பலுக்கு நல்லது செய்வதாக நினைத்து, கப்பல் தேடி வந்த மீனையெல்லாம் பெரிய கண்ணி வழியே வெளியே விட்டிருக்கிறார்.

"அண்ணே, இவங்க வந்ததே அந்தச் சங்காயத்துக்குத்தான்."

அவர் என்னைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "மாதா! வெள்ளைக்காரன் சங்காயத்துக்கா இத்தனை டீசல் எரிக்கிறான்?" என்றவர், அடுத்த நிமிடம் பையோடு ஓடினார். நான் முடிச்சுப் போட உதவப் போனேன். "தள்ளு தம்பி, ஒனக்கு இது வராது" என்று விரட்டிவிட்டார்.

மூன்றாவது இழுப்பு மேலே வந்தபோது மடி உப்பி, கப்பி முனகியது. அவிழ்த்ததும் டெக் முழுக்க விரல் நீள மீன்கள், பெரிய கண், வயிற்றில் வரிசையாகப் பொட்டு. வெளிச்சம் விடும் பொட்டுகள் அவை, அதனால் விளக்கு மீன். டாக்டர் முழங்காலிட்டு ஒரு மீனின் தலையைக் கீறி, காதுக் கல்லை எடுத்தார். மீன் இனத்துக்கு இனம் அதன் வடிவம் வேறு. கரையொதுங்கிய டால்பின் ஒன்றின் வயிற்றில் கிடைத்த கற்களை ஒரு சின்னக் குப்பியில் வைத்திருந்தார். இரண்டையும் உள்ளங்கையில் சேர்த்து எனக்குக் காட்டினார். ஒரே வடிவம். "உன் காகிதம் சரி" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அது போதும். சிவராசா மேலிருந்து கத்தினார்: "ஐசே, பேய் நல்லாப் பொரியுமோ?"

அதன்பிறகு அந்த வாரம் முழுக்க வலை இறக்கும் முன் செபஸ்தியான் அண்ணன் டெக்கிலிருந்து குரல் கொடுப்பார்: "தம்பி, ஒம் பேப்பர் எத்தனை மீட்டர் சொல்லுது?" நான் சொன்ன ஆழத்துக்குத்தான் வலை இறங்கியது. ஒரு இழுப்பும் காலியாக வரவில்லை.

போகிறவர்களுக்கு: துறைமுக வாசலில் விசா கொடுத்த கஃபீலின் கடிதம் இல்லாமல் விடமாட்டார்கள், முன்பே வாங்கிவிடுங்கள். குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஏறும் முன் போடுங்கள், ஏறியபின் போட்டுப் பயனில்லை. ஏழாவது சீட்டுக்குக் காசு கொடுத்துவிடுங்கள், டிரைவரோடு வாதாடி ஜெயிக்க முடியாது. இதே கப்பலில் வேலை கிடைத்தால் முதல் வேலையாக டெக்குக்குப் போய் உள்மடி கட்டியிருக்கிறதா என்று உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். மெஷினைப் பார்க்க வேண்டாம். அதை மாட்டியது நான்.