நாய் வூட்டு சம்பத்

என் தங்கை புருஷன் சம்பத்துக்கு ஓர் இடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால் பெஞ்சே ஆடும். தொழில் என்னவோ வேன் ஓட்டுவது. குளிர்காலத்தில் வேடந்தாங்கலுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள், மற்ற நாளில் கல்யாண சவாரி, கடப்பாக்கம் கடற்கரை சவாரி. வேன் ஓட்டுவதில் பாதி வேலை காத்துக் கிடப்பதுதான். அது மட்டும் அவனால் ஆகாது. கடப்பாக்கத்தில் வந்தவர்கள் கடலோரத்து இடிந்த கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போனதும் இவன் ஈர மணலில் முட்டி போட்டுவிடுவான். ஒரு மீன்காரி, ஒரு குதிரை, வண்டியில் வந்த பெரிய மனிதரின் தொப்பை என்று விரல்கள் பாட்டுக்கு ஓடும். யாராவது வருகிற சத்தம் கேட்டால் போதும், காலால் ஒரே உதை. கையைத் தட்டிக்கொண்டு டயரைப் பார்க்கிற மாதிரி நிற்பான். கூடப் போன எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

இந்தப் பயத்துக்குக் காரணம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறாம் வருஷம் அவன் அப்பா கூரையைப் பிரித்து மாடி வீடு கட்டினார். முகப்பில் ஒரு சிங்கம் வைக்க அவருக்கு ஆசை. "நான் பண்றேன் நைனா" என்று சம்பத் மீசை முளைத்த மிடுக்கில் சாரத்தில் ஏறிவிட்டான். கம்பி கட்டி, சிமெண்ட் பூசி, மஞ்சள் பெயிண்ட் அடித்துக் கீழே இறங்கிப் பார்த்தால், மேலே சிங்கம் இல்லை. நாய். அதுவும் சோறு எப்போது போடுவார்கள் என்று பார்க்கிற நாய். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். புது வீட்டு முகப்பை உடைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவன் அப்பா உடைக்கவும் விடவில்லை. அன்றிலிருந்து அது நாய் வீடு, இவன் நாய் வூட்டு சம்பத். என் தங்கையைப் பெண் கேட்டு வந்தபோது எங்கள் அம்மாவே, "அந்த நாய் வூட்டுக்கா?" என்றுதான் கேட்டாள்.

அதற்குப் பிறகு நாலு பேர் பார்க்க அவன் செய்த ஒரே வேலை படுகளத்து முகம். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் கோடையில் பாரதத் திருவிழா நடக்கும். துரியோதனன் சாகிற படுகளத்தன்று ஏரி மண்ணைக் கொட்டி, லாரி நீளத்துக்கு அவனை மல்லாக்கப் படுக்க வைப்போம். உடம்புக்கு ஊரே மண் குழைக்கும், முகம் மட்டும் சம்பத். உருட்டின கண், முறுக்கின மீசை, மஞ்சள், குங்குமம், கரி. வெயில் ஏறியதும் பீமன் வேஷக்காரர் கதையால் தொடையில் அடிப்பார். உள்ளே புதைத்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். அடுத்த நிமிஷம் ஜனங்கள் பாய்ந்து மண்ணை அள்ளுவார்கள். வீட்டு நெல்லோடு போட்டு வைத்தால் விளைச்சல் குறையாது என்று நம்பிக்கை. முதலில் காலியாவது முகம்தான். அது போன பிறகுதான் சம்பத்துக்கு மூச்சே வரும்.

"மண்ணுன்னா மத்தியானத்துக்குள்ள பூடும் மச்சான்," என்பான். "சிமெண்டு அங்கியே நின்னுகினு நம்மளையே பாக்கும்."

இரண்டாயிரத்து ஒன்றில் கோயிலைப் புதுப்பித்தார்கள். வாசலில் காவலுக்குப் போத்துராஜா சிலை வேண்டும். தர்மகர்த்தா காசிநாதன் இவனைக் கூப்பிட்டு, "வெளியூரு ஆளு எதுக்குடா? நீ பண்ணு. படுகளத்துக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு" என்றார்.

ஆசை இல்லாதவனாக இருந்தால் அங்கேயே முடியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பான். இவனுக்கோ கொள்ளை ஆசை. அதனால் சொல்லவும் இல்லை, தூங்கவும் இல்லை. வேண்டாத சவாரியெல்லாம் எடுத்தான். எதிரே காசிநாதனின் வெள்ளைத் துண்டு தெரிந்தால் வேனை வந்த வழியே திருப்பினான். பூரிக்கு மாவு பிசைந்து தரச் சொன்னால் அதிலும் ஒரு மூக்கைச் செய்து வைத்து, உடனே நசுக்கினான். என் தங்கைக்குப் பொறுமை போய்விட்டது.

அவள் பேர் வேண்டா. வீட்டில் நாலாவது பெண். இனிமேல் பெண் வேண்டாம் என்று எங்கள் அப்பா வைத்த பேர். பள்ளிக்கூடத்தில் அந்தப் பேரைக் கூப்பிடும்போதெல்லாம் சிரிப்பார்கள். அவள் எழுந்து நின்று, "வந்துகீறேன்" என்று கத்துவாள்.

"இன்னாய்யா பேஜாரு பண்ற?" என்றாள் அவனிடம். "எனக்கு வேண்டான்னு பேரு வச்சாங்க. நான் இன்னா செத்தா போய்ட்டேன்? உன்ன நாயின்னு கூட சொல்லல, உன் வூட்டத்தான் சொல்றாங்க."

அவன் வேன் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

படுகளம் வந்தது. அந்த வருஷம் அவன் யாரையும் பக்கத்தில் விடவில்லை. கோணித் திரையைக் கட்டிக்கொண்டு வேலை செய்தான். திரையை எடுத்ததும் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. உருட்டின கண் இல்லை, முறுக்கின மீசை இல்லை. கண் பாதி மூடியிருந்தது. மீசை தொங்கியிருந்தது. எதையோ கேட்க வாய் திறந்து, கேட்கப் பயந்து நிறுத்தின மாதிரி உதடு. அது யார் முகம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காசிநாதனைக் கண்டதும் வேனைத் திருப்புகிறவன் முகம்.

வழக்கப்படி ஒப்புக்கு அழ வந்த பெண்கள் நிஜமாகவே அழுதார்கள். பீமன் வேஷக்காரர் கதையை ஓங்கிவிட்டு ஒரு கணம் நின்றார். பிறகு அடித்தார், பானை உடைந்தது, ஜனங்கள் கையிலிருந்தும் காலிலிருந்தும் மண் அள்ளினார்கள். முகத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"உசுரு கீற மாதிரியே கீதும்மா," என்று பின்வாங்கினார்கள்.

காசிநாதன் கொதித்துப்போனார். "திரௌபதி திருவிழாவுல துரியோதனனுக்கு ஊரையே அழவச்சிட்டியேடா! போத்துராஜாவுக்கு நான் வெளியூரு ஆளையே இட்டாந்துக்கிறேன்."

முகம் களத்தில் தனியாகக் கிடந்தது. அவன் வேன் அந்த வழியாகத்தான் போக வேண்டும். போகும்போதும் கிடந்தது, வரும்போதும் கிடந்தது. வெயிலில் காய்ந்து வெடிப்பு விட்டது. மூன்றாம் நாள் காலையில் மண்வெட்டியோடு கிளம்பினான். "நானே ஒடச்சிட்டு வந்துர்றேன்" என்றான். வெகு நேரமாகியும் வரவில்லை. நானும் வேண்டாவும் போய்ப் பார்த்தோம்.

மண்வெட்டி ஓரமாகக் கிடந்தது. சம்பத் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து மண்ணை நனைத்துக் காதைத் திருத்திக்கொண்டிருந்தான். வேலி ஓரத்தில் நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். அவன் உதைக்கவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒடைக்கத்தான வந்த?" என்றாள் வேண்டா.

"காது மேல ஏறிகினு கீது. அன்னிக்கே பாத்தேன்."

காதை முடித்துவிட்டு, கைச் சேறோடு நேரே காசிநாதன் வீட்டு வாசலில் போய் நின்றான். நாங்களும் பின்னாலேயே போனோம்.

"போத்துராஜாவ நான் பண்றேன்."

"மறுபடியும் நாயாட்டம் வந்துட்டா?"

"வந்தா வரட்டும். தெனம் அந்த வழியா போறவன் நான்தான. நானே பாத்துகினு போறேன்."

காசிநாதன் அவன் கையைப் பார்த்தார். பிறகு, "கை கழுவிட்டு உள்ள வா" என்றார்.

கும்பாபிஷேகத்தன்று போத்துராஜா ஓங்கின கத்தியோடு வாசலில் நின்றார். நல்ல முகம், பார்த்தால் பயம் வரும். ஆனால் இடது தோள் இறங்கிவிட்டது. ஊர் சும்மா இருக்குமா? ஒருவர் விடாமல் அதைச் சொன்னார்கள். இந்த ஒரு பேச்சுக்குப் பயந்து பத்து வருஷத்துக்கு மேல் மணலை உதைத்தவன், கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டான். முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஓடவில்லை.

"சரியா கீதா?" என்று வேண்டாவைக் கேட்டான்.

"இல்ல. தோளு எறங்கிகீது."

"ஆமா," என்றான். "அடுத்ததுல பாத்துக்கணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் என்ன வெட்கம்.

இப்போதும் அவனுக்கு உட்காரத் தெரியாது. வேனின் பின் சீட்டில் கொத்துக்கரண்டியும் கம்பியும் கிடக்கின்றன. போன மாதம் அவன் செல்போன் அடித்தது. கடப்பாக்கத்துப் பக்கம் ஐயனார் கோயிலுக்குக் குதிரை செய்ய வேண்டுமாம், நேரில் பார்த்துப் பேச வருகிறார்களாம். வீட்டுக்கு எப்படி வருவது என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. சம்பத் தெருவில் இறங்கி, முகப்பை அண்ணாந்து பார்த்தான்.

"ஊருக்குள்ள வந்து நாய் வூடு எதுன்னு கேளுங்க," என்றான். "நான் பண்ண நாயிதான். யாரக் கேட்டாலும் காட்டுவாங்க."