எங்கூட்டுல ரெண்டு பேருங்க

செவ்வாய்க்கிழமை காலை, என் கூடப்பிறந்த அண்ணன் பேத்தியின் ஞானஸ்நானச் சான்றிதழுக்காக மாதா கோயில் அலுவலகத்தில் காத்திருந்தபோது மாரப்பன் போனில் அழைத்தார். எங்கள் டூர்களில் சமையல் அவர்தான். "ஏனுங்கக்கா, கோவிந்தண்ணன் தவறிட்டாருங்க" என்றார். தென்னைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவே இல்லையாம். சரி என்று சொல்லிவிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன். அதற்காக இரண்டு தடவை அலைந்திருந்தேன். கோவிந்தண்ணன் கேட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டே வரச் சொல்லியிருப்பார்.

அவரோடு பயணம் போன உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஏதுமில்லை. பம்பு செட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வருஷத்துக்கு ஒருமுறை தெரிந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, கூடவே அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, காபிப் பொடி, மாரப்பன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு எங்காவது தொலைதூரம் போவார். பிடிவாதக்காரர். வழியில் நல்ல இளநீர் கடையைப் பார்த்து நாம் கத்தினாலும் வண்டியை நிறுத்தமாட்டார். "சொகமா இருக்கோணும்னா ஊட்லயே இருந்துக்கலாமுங்க. டூர்னா கொஞ்சம் சிரமந்தான்" என்பார். அவருடைய மனைவிக்குப் பஸ்ஸில் ஏறினாலே குமட்டும். அதனால் அந்த அம்மா ஊட்லயே சுகமாக இருந்தார்.

நான் அவரோடு முதலில் போனது கட்ச் உப்புவெளிக்கு. அங்கிருந்து ராஜஸ்தான் மணல்மேடுகள் வரை பத்து நாள். நூற்பாலையில் நூலின் தரம் பார்க்கும் வேலையிலிருந்து அந்த வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பஸ்ஸில் இருந்த முப்பத்துச் சொச்சம் பேரும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் நான் மட்டும் தனி.

அண்ணன் ஆட்களை எண்ணமாட்டார். இது உங்களுக்குத் தெரியும். பெரியவர்களை விரல் நீட்டி எண்ணுவது மரியாதையில்லை என்பது அவர் கட்சி. "ஆட்டுப் பட்டியாங்க இது?" என்று கேட்பார். வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு குடும்பத்திடமும் போய், "உங்கூட்டுல எல்லாரும் ஏறியாச்சுங்களா?" என்று கேட்பார். அவர்களும் "ஏறியாச்சுங்க" என்பார்கள். கடைசிக் குடும்பமும் சொன்னதும் வண்டி நகரும்.

நான்காம் நாள் மதியம், ஆளரவமே இல்லாத ஓர் உப்பளத்தின் ஓரத்தில் இறங்கினோம். வானம் முடிகிற இடம் வரை வெள்ளை. எல்லோரும் கால் கிலோமீட்டர் நடந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அவசரம். கழிப்பறை என்று ஒன்றும் கிடையாது. தூரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் குவித்திருந்த உப்பு மேட்டைப் பார்த்து நடந்தேன். அதன் பின்னால் போய்விட்டு, வேலை முடிந்ததும் கொஞ்ச நேரம் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணில் ஒரு பிசிறு படவில்லை. முப்பது வருஷம் நூலில் பிசிறு தேடியவளுக்கு அது பெரிய நிம்மதி. திரும்பி இந்தப் பக்கம் வந்தபோது பஸ் கரைமேல் போய்க்கொண்டிருந்தது.

கத்தினேன். கேட்கவில்லை. போன் கைப்பையில், கைப்பை சீட்டில். சுமார் இரண்டு மணி நேரம் அந்த உப்பு மேட்டின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். தாகம் இருந்தது, பயமும் இருந்தது. ஆனால் அவற்றைவிட எனக்குக் கோபம்தான் அதிகம். அதையும் விட அவமானம் அதிகம். யாரிடம் கேட்டாலும் அவரவர் வீட்டில் எல்லோரும் ஏறியிருப்பார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லியிருக்கமாட்டார்கள். நான் எந்த வீட்டிலும் இல்லை, அவ்வளவுதான்.

கண்டுபிடித்தது மாரப்பன். சாயங்காலக் காபிக்கு வண்டியை நிறுத்தியபோது சர்க்கரை போடாத டம்ளர் ஒன்று மிஞ்சியிருக்கிறது. அப்படிக் குடிப்பது நான் ஒருத்திதான்.

பஸ் திரும்பி வந்தது. முதலில் இறங்கியவர் அண்ணன். செருப்பு உப்புச் சேற்றில் புதைய, அதைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டி, "ஏனுங்க அம்மணி, மொதல்ல குடிங்க" என்றார். குடித்துவிட்டு, "எந்த ஊட்டுலண்ணா என்னைய பத்திக் கேட்டீங்க?" என்றேன். அவர் பஸ் வரை என் பின்னாலேயே நடந்து வந்தார்.

வண்டிக்குள் எல்லோரும் ஆளுக்கொரு சமாதானம் சொன்னார்கள். "முன்னாடி சீட்டுல இருக்கீங்கன்னு நெனச்சுப்போட்டோமுங்க" என்றார் ஒருவர். இனிமேல் தலையை எண்ணிவிடலாம் என்று இன்னொருவர் சொன்னதற்கு அண்ணன், "எண்ணமாட்டேனுங்க" என்றார். அப்போதும் அந்தப் பிடிவாதம்! திரும்பிப் போனதும் இந்த மனிதர் முகத்தில் முழிக்கக்கூடாது என்று முடிவுசெய்தேன்.

மறுநாள் காலை புறப்படும் முன் வழக்கம்போல நடுவில் வந்து நின்றார். யாரிடமும் கேட்பதற்கு முன் கடைசி வரிசையைப் பார்த்துவிட்டு, உரக்கச் சொன்னார்: "எங்கூட்டுல ரெண்டு பேருங்க. நானும் தங்கச்சியும். ஏறியாச்சுங்க." பிறகுதான் மற்றவர்களிடம் போனார். அவர் நாயுடு, நான் கிறிஸ்தவள்; நாயுடு வீட்டில் வேதக்காரத் தங்கச்சி எப்போது பிறந்தாள் என்று யாரோ கிண்டல் செய்ய, பஸ்ஸே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என்னைக் கேட்காமல் என்னை வீட்டில் சேர்த்துக்கொள்ள இவர் யார் என்றுதான் தோன்றியது. மணல்மேட்டில் ஒட்டகத்திலிருந்து இறங்கிய பிறகும் அதையே சொன்னார். ரயில் ஏறும்போதும் சொன்னார். நான் அடுத்த வருஷமும் போனேன். அதற்கடுத்த வருஷங்களிலும் போனேன். எந்த ஊரிலும் ஒரு தடவைகூட அவர் அந்த வாக்கியத்தைத் தவறவிடவில்லை. மன்னிப்பு மட்டும் கடைசிவரை கேட்கவே இல்லை.

புதன்கிழமை டூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு வேன் பிடித்து, அண்ணன் ஊரான கிணத்துக்கடவுக்குப் போனோம். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அண்ணன பாத்துட்டீங்களா?" என்றார். பார்த்துவிட்டேன் என்றேன். அழுகை வரவில்லை. எனக்கு அது லேசில் வராது. எல்லாம் முடிந்து தோட்டத்து முனையில் வேனில் ஏறினோம். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். மாரப்பன்தான், இருங்க என்று கை காட்டி எழுந்து, அண்ணன் கேட்கிற மாதிரியே ஒவ்வொரு குடும்பமாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் ஏறியாச்சுங்க என்றார்கள். என் சீட்டுக்கு வந்தவர் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்த வீடு ஒன்றுதான். அதை யாருக்கும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"எங்கூட்டுல ரெண்டு பேருங்க, மாரப்பா" என்றேன். "ஒருத்தர் வரலைங்க. வண்டிய எடுக்கச் சொல்லுங்க."