சாக்குக்கு ரெண்டு

தேயிலைத் தோட்டத்து முன்பள்ளிக்கு நான் டீச்சராக வந்த முதல் வருடம், பிள்ளைகளின் கொப்பிகள் வெறுமையாகவே கிடந்தன. கணக்கை நான் எழுத வைக்கவில்லை. லயத்து வீடுகளின் படிகளை எண்ணிக்கொண்டே ஏறுவோம். வாசலில் கிடக்கும் செருப்புகளைச் சோடி சேர்ப்போம். போத்தல் மூடிகளைச் சின்னது, பெரியது என்று அடுக்குவோம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதுதான் கணக்கு என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

ஒருநாள் குறை சொல்ல ஓர் அம்மா வந்தார். கொழுந்து எடுக்கிறவர். அவருடைய மகள்தான் என் வகுப்பிலேயே பெரிய வாயாடி. அவள் என்றால் எனக்கு உயிர்.

"கொப்பியில ஒரு எழுத்து இல்லையே டீச்சர். அடுத்த மாசம் இவள டவுன் நர்சரிக்கு மாத்தப் போறோம். வேன்காரர்கிட்டயும் பேசியாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அவர் கையில் கரட் வாங்கிய பை இருந்தது.

"எழுதாட்டி என்னங்க? இத எண்ணச் சொல்லிப் பாருங்க," என்றேன் வீறாப்பாக.

மகள் பைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டு, பத்து வரை பிசகாமல் எண்ணினாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"அப்ப மொத்தம் எத்தனை?" என்று கேட்டேன்.

"எட்டு!"

என் மானம் கப்பலேறிவிட்டது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வேன் புறப்பட்டே விட்டது.

"பத்து வரைக்கும் எண்ணிட்டு எட்டுங்கிறியே, ஏன்டி?" என்றார் மகளிடம்.

"பையிலதான இருக்கு? சாக்குக்கு ரெண்டு கழிக்கணும்ல?"

அந்தியில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவின் பக்கத்திலேயே நிற்கிற பிள்ளை அவள். தராசு எதைக் காட்டினாலும், சாக்குக்கென்று இரண்டு கிலோ கழித்துத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். அதை அவள் தினமும் கேட்டிருக்கிறாள்.

நான் கரட்டுகளைத் தரையில் கொட்டினேன். "இப்ப எத்தனை?"

"இப்ப பத்து. சாக்குதான் இல்லையே!" இதுகூடவா தெரியாது என்பது போல் என்னைப் பார்த்தாள்.

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் அவளைத் தூக்கிச் சுற்றினேன். திடீரென்று அம்மா சிரிப்பை நிறுத்தினார்.

"ஆமா டீச்சர், வெறும் சாக்கு எத்தனை கிலோ இருக்கும்?"

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருடமாக அவரும் கேட்டதில்லை.

மறுநாள் அந்தியில் பெண்கள் எல்லோரும் சேர்ந்து, வெறும் சாக்கைத் தராசில் மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கிலோகூட வரவில்லையாம். கணக்கப்பிள்ளை தலையைச் சொறிந்தாராம்.

வேன்காரரிடம் வேண்டாமென்று அம்மாவே சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஒரு பையில் பத்து போத்தல் மூடிகளைப் போட்டு மகளிடம் நீட்டினேன். நிதானமாக எண்ணி முடித்து, "ஒம்பது!" என்றாள்.

"எட்டு இல்லையா?"

"இல்ல டீச்சர். இப்ப ஒன்னுதான் கழிக்கிறாங்க!"