சந்தனப் பொட்டு வைத்த துப்பாக்கி

நான் ஒரு முட்டாள். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பாலாய் என்று நாங்கள் சொல்லும் போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்து மூன்று பக்கம் வாக்குமூலம் கொடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மலாய் மொழியில் படிக்கும்போது என் முட்டாள்தனம் கொஞ்சம் கௌரவமாகத் தெரிந்தது. தமிழில் எழுதும்போது அந்த வசதி இல்லை.

எனக்கு ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. மற்றவர்கள் செய்த தவற்றைக் கண்டுபிடித்துச் சிவப்புச் சீட்டு ஒட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன். இருபத்திரண்டு வருடமாக ஒட்டுகிறேன். என் மேல் ஒட்டத்தான் ஆளில்லாமல் போய்விட்டது.

அக்காவும் மச்சானும் ஜெராம் பக்கம் இருக்கிறார்கள். மச்சான் எஸ்டேட்டில் பிறந்து, எஸ்டேட்டிலேயே குலை வெட்டி, பிறகு சொந்தமாக ஐந்து ஏக்கர் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, வாங்கியவர். கிழட்டு மரங்களைச் சாய்த்துவிட்டுப் போன வருடம்தான் புதுக் கன்று வைத்தார். கன்று வைத்தவனுக்குக் காட்டுப்பன்றிதான் எமன். பழம் வரட்டும் என்று காத்திருக்கும் பொறுமை அதற்குக் கிடையாது. மூக்கால் கெல்லிக் கன்றைச் சாய்த்து, உள்ளே இருக்கும் வெள்ளைக் குருத்தை மட்டும் தின்றுவிட்டு, மீதியை நாம் பார்ப்பதற்காக விட்டுவிட்டுப் போகும். நிலத்தின் பின்பக்கம் சுங்கை செம்பிலாங் போகிற வழி முழுக்கப் புதர்தான். பன்றிகளுக்கு அது வீடு. மச்சானின் நிலம் அவற்றுக்குச் சாப்பாட்டுக் கடை.

அதனால் மச்சானிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. ஒற்றைக் குழல், நடுவில் மடித்துத் தோட்டா போடுகிற வகை. லைசன்ஸ் உள்ள துப்பாக்கி. நம் நாட்டில் அந்த லைசன்ஸ் வாங்குவதைவிடப் பெண் கேட்டுப் போவது சுலபம். நிலத்துப் பத்திரம் காட்ட வேண்டும். ஆள் எப்படிப்பட்டவர் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். சுவரில் முடுக்கிய இரும்புப் பெட்டி வேண்டும். வருடா வருடம் துப்பாக்கியைப் பாலாய்க்குக் கொண்டுபோய்க் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, லைசன்ஸில் யார் பேர் இருக்கிறதோ அவர் கையில் மட்டும்தான் அது இருக்கலாம். பெண்டாட்டிகூடத் தொடக்கூடாது. பெட்டியைத் துடைக்கவும் லைசன்ஸ் வேண்டுமா என்று அக்கா ஒருமுறை கேட்டாளாம். மச்சான் சிரிக்கவில்லையாம். பதினான்கு வருடம் அப்படித்தான் வைத்திருந்தார்.

பதினான்கு வருடத்தைக் கெடுக்க எனக்கு முப்பது விநாடி போதுமானதாக இருந்தது.

இது வாட்ஸ்அப்பில் ஆரம்பித்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் என்னோடு படித்தவர்கள் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறோம். காலையில் சாமி படம், மத்தியானம் சாப்பாட்டுப் படம், சாயங்காலம் சண்டை. அந்த வாரம் பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் யாரையோ சுட்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்திருந்தது. கெட்டவனுக்குச் சட்டமா குறுக்கே நிற்கிறது, அவன் எங்கிருந்தோ வாங்கிவிடுகிறான், நல்லவன் மட்டும் வெறுங்கையோடு நிற்கிறான், மனு போட்டால் நல்லவர்களுக்கும் துப்பாக்கி கொடுக்க வேண்டும் என்று நான் எழுதினேன். எழுதும்போது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

குரூப்பில் ஒரு லோரி டிரைவர் இருக்கிறான். ஆறாம் வகுப்பு வரை என் பக்கத்து மேசை. கணக்கில் என்னைப் பார்த்து எழுதித் தோற்றவன். அந்தக் கோபம் அவனுக்கு இன்னும் இருக்கிறது. அவன் குரல் பதிவு ஒன்று அனுப்பினான்.

"நம்மாளுங்க கையில துப்பாக்கிய குடுத்தா மொத வெடி கோயில் ஆண்டுக் கூட்டத்துலதான் லா. ரெண்டாவது வெடி கல்யாண மண்டபத்துல, பிரியாணி முடிஞ்சிபோச்சின்னு சொல்றவன் மேல."

குரூப் முழுக்கச் சிரித்தது. போன வருடக் கோயில் கூட்டத்தில் நாற்காலி பறந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம். அந்த நாற்காலிகளில் ஒன்று நான் எறிந்தது. அதனால் பதில் எழுத முடியவில்லை. ஆனால் தோற்ற எரிச்சல் மட்டும் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஆயுத பூசை. நான் வழக்கம்போல ஜெராமுக்குப் போனேன். மச்சான் பூசையைக் கார் நிறுத்தும் இடத்தில்தான் செய்வார். அலசிவிட்ட சிமெண்டுத் தரையில் பாய் விரித்து, குலை வெட்டும் அரிவாள், பாராங் கத்தி, மருந்து பம்பு, தள்ளுவண்டி, கடைசியில் மோட்டார் சைக்கிள் என்று வரிசையாக வைத்துச் சந்தனமும் குங்குமமும் பூவும் வைப்பார்கள். துப்பாக்கிக்குத் தனிப் பலகை. மச்சான் தோட்டா இல்லாத துப்பாக்கியை மடித்துத் திறந்த மேனிக்குக் கொண்டுவந்து பலகையில் வைப்பார். பொட்டு அவரே வைப்பார். கற்பூரம் அணையும்வரை பக்கத்தை விட்டு நகரமாட்டார். அணைந்ததும் நேரே பெட்டிக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டுத்தான் பொரி தின்பார்.

அன்றைக்கு மச்சான் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்து முடித்த நேரத்தில், பொங்கல் பாதியில் இருக்கும்போது அடுப்பில் கேஸ் தீர்ந்துபோனது. அக்கா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள். புதுக் கேஸ் தோம்பைத் தூக்கி மாட்ட அவளால் முடியாது. போன வருடம் இடுப்பில் ஆபரேஷன் செய்தவள். மச்சான் என்னைப் பார்த்தார். "பாத்துக்க" என்றார். உள்ளே போனார்.

நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பார்க்கப் பார்க்க லோரி டிரைவரின் குரல் காதில் கேட்டது. கைபேசியை மருந்து பம்பின் மேல் சாய்த்துவைத்து, பத்து விநாடியில் தானாகப் படம் எடுக்கிற மாதிரி அமைத்துவிட்டு, துப்பாக்கியை எடுத்து நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் படத்தில் கண் மூடியிருந்தேன். இரண்டாவதில் தொப்பை தெரிந்தது. மூன்றாவது நன்றாக வந்தது. மச்சான் திரும்பி வரும்போது துப்பாக்கி பலகையில் இருந்தது, நான் கை கட்டிக்கொண்டு பக்தியோடு நின்றேன்.

சாப்பிட்டுவிட்டு, அக்கா வீட்டு நாற்காலியில் சாய்ந்தபடி அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டேன். "சட்டத்தை மதிப்பவன் கையில் இருந்தால் ஆபத்தில்லை" என்று கீழே எழுதினேன். எனக்கும் பாதுகாப்பு வேண்டுமே என்று யோசித்து, என் முகத்தின் மேல் மட்டும் ஒரு சிரிக்கிற மஞ்சள் மூஞ்சியை ஒட்டினேன். என்னை மறைத்த கவனத்தில் மச்சானின் மோட்டார் சைக்கிளை மறந்துவிட்டேன். மாலை போட்டு, சந்தனம் வைத்து, நம்பர் பிளேட்டைப் பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார் மனுஷர்.

லோரி டிரைவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அது யாருடைய துப்பாக்கி? நான் பதில் சொல்லாமல் இன்னொரு மஞ்சள் மூஞ்சியை அனுப்பினேன்.

குரூப்பிலிருந்து அதை வெளியே அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. இரண்டு நாளில் அதற்கு வேறு கதை வந்துவிட்டது. முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவன், கையில் துப்பாக்கி, காலடியில் அரிவாளும் பாராங்கும், எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டு. குண்டர் கும்பல் ஆயுதங்களுக்குப் பூசை போட்டுச் சண்டைக்குத் தயாராகிறது, கோலசிலாங்கூர் பக்கம் போகிறவர்கள் ஜாக்கிரதை என்று மலாயில் எழுதி அது ஊரைச் சுற்றியது. மூன்றாம் நாள் எங்கள் தொழிற்சாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டும் மலாய்க்கார நண்பர் எனக்கே அதைக் காட்டினார். உன் அக்கா அந்தப் பக்கம்தானே இருக்கிறாள், பத்திரமாக இருக்கச் சொல் என்றார். அக்கறையோடுதான் சொன்னார். படத்தில் இருந்த சட்டையை அன்று நான் போட்டு வரவில்லை. முருகன் செயல்.

சிரித்துச் சமாளித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் உட்கார்ந்தேன். மச்சானுக்குப் போன் போட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே சாயங்காலம்வரை போடவில்லை. மறுநாள் அக்காதான் கூப்பிட்டாள். போலீஸ் வீட்டுக்கு வந்து துப்பாக்கியையும் தோட்டாக்களையும் லைசன்ஸையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். படத்தில் இருப்பது நீதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "ஒனக்கு அம்பது வயசுடா" என்றாள். அதற்குமேல் திட்டியிருந்தால் தேவலை.

அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். பத்தாங் பெர்ஜுந்தாய் வழியாகப் போகும்போது முழுக்க ஒரு கதையை யோசித்து வைத்தேன். மச்சானுக்கு ஒன்றும் தெரியாது, அவர் என்னிடம் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை, நான்தான் அவர் குனிந்த நேரம் பார்த்து எடுத்தேன் என்று சொல்லிவிடலாம். குற்றம் முழுக்க என் தலையில் விழும், அவர் லைசன்ஸ் பிழைக்கும். வாழ்க்கையில் நான் யோசித்த ஒரே தியாகம் அது. பாலாய் வாசலில் நின்றுகொண்டிருந்த மச்சானிடம் சொன்னேன். அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

உள்ளே ஓர் இன்ஸ்பெக்டர். என் பிள்ளை வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். ஆயுத பூசை அவருக்குத் தெரிந்திருந்தது. கூடப் படித்த தமிழ் நண்பனின் வீட்டில் காருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் பார்த்திருக்கிறாராம். குண்டர் கும்பல் கதையை ஐந்து நிமிடத்தில் ஒதுக்கி வைத்துவிட்டார். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்ட மூச்சு முடிவதற்குள் மச்சானிடம் அடுத்த கேள்வி வந்தது. பூசை உங்கள் உரிமை, பொட்டும் உங்கள் உரிமை, துப்பாக்கி ஏன் இவர் கையில் இருக்கிறது?

நான் யோசித்துவைத்த கதையைத் தொடங்கினேன். மச்சான் இடையில் புகுந்தார். மச்சானின் மலாய் தோட்டத்து மலாய். அதிலேயே சொன்னார்: கேஸ் தோம்பு மாட்ட உள்ளே போனேன், இவனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், பூட்டிவிட்டுப் போயிருக்க வேண்டும், போகவில்லை.

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். மச்சான் பொய் சொல்லியிருந்தால் இன்ஸ்பெக்டருக்கும் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது. தோட்டா இல்லை, முப்பது விநாடிதான் என்று நான் கெஞ்சினேன். அவர் என்னிடம் சொன்ன பதிலைத் தமிழில் இப்படித்தான் எழுத முடியும்: "முப்பது விநாடி உங்களுக்குப் போதும் என்றால், யாருக்கும் போதும்." அதற்கு என்னிடம் மஞ்சள் மூஞ்சி இல்லை.

என்மேல் வழக்குப் போடவில்லை. எச்சரித்து அனுப்பினார்கள். மச்சானின் துப்பாக்கி பாலாயிலேயே இருந்தது. லைசன்ஸ் விஷயத்தை மேலிடம் முடிவு செய்யும் என்றார்கள்.

மேலிடம் முடிவு செய்யும்வரை பன்றிகள் காத்திருக்கவில்லை. வெடிச் சத்தம் நின்றுபோனதை அவை எப்படித்தான் கண்டுபிடித்தனவோ, இரண்டாவது வாரமே வந்துவிட்டன. ஒரே இரவில் ஒன்பது கன்று. காலையில் மச்சான் போய்ப் பார்த்துவிட்டு, சாய்ந்ததையெல்லாம் ஓர் ஓரமாகப் போட்டாராம். அக்காதான் சொன்னாள். அதற்குப் பிறகு சனி ஞாயிறுகளில் நானும் போனேன். ஒவ்வொரு கன்றையும் சுற்றித் துத்தநாகத் தகடு நட வேண்டும். பழைய தகடுகளை லோரி டிரைவர்தான் எங்கிருந்தோ ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினான். வாடகை கேட்கவில்லை. இறக்கி முடித்துவிட்டு என் பக்கம் வந்து, "இப்ப என்னா சொல்ற, எல்லாருக்கும் துப்பாக்கி குடுக்கலாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

என் மாதிரி ஆள் கையில் துப்பாக்கி கிடைக்காமல் பார்த்துக்கொள்கிற சட்டம் நல்ல சட்டம். அதை நான் படம் எடுத்தே நிரூபித்துவிட்டேன். ஆனால் அதே சட்டம், எனக்குத் தெரிந்த வரையில் துப்பாக்கி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள ஒரே மனுஷர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டது. அதுவும் அவர் உண்மையைச் சொன்னதால். இரண்டும் சரியாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் சரியாக இல்லை. குரூப்பில் இதை நான்கு முறை எழுதிப் பார்த்து நான்கு முறையும் அழித்தேன். எழுதியதை அனுப்பாமல் அழித்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. நான் அங்கே தகடு நட்டுக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முந்தின நாள் வந்த கடிதத்தை அக்கா நிலத்துக்கே எடுத்துக்கொண்டு வந்தாள். மச்சான் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டுப் பிரித்தார். நிதானமாகப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். லைசன்ஸ் புதுப்பிக்கப்படவில்லை. விரும்பினால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

அதற்குள் ஐம்பத்தேழு கன்று போயிருந்தது. நான் நட்ட தகடுகளில் பாதியைப் பன்றிகள் முட்டிச் சாய்த்துவிட்டன. நட்டது நான் என்பது அவற்றுக்கே தெரிந்துவிட்டது போலும். அக்கா புதுக்கன்று இருக்கிற பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பது நாள் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் சொன்னேன். பதினான்கு வருடம் ஒரு தப்பும் இல்லை, நிலத்தில் நடந்த சேதத்துக்குப் படங்கள் இருக்கின்றன, அந்த இன்ஸ்பெக்டரே நல்ல விதமாகச் சொல்லக்கூடும், எல்லாவற்றையும் சேர்த்து நன்றாக எழுதினால் கிடைக்க வாய்ப்பு உண்டு என்றேன். மச்சான் முழுதாகக் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார். அந்தத் தைரியத்தில், என் மலாய் சுத்தமான மலாய், ஆபீஸில் எல்லாக் கடிதமும் நான்தான் எழுதுகிறேன், இன்றைக்கே உட்கார்ந்து எழுதித் தந்துவிடட்டுமா என்று கேட்டேன்.

மச்சான் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீ மட்டும் எழுதாத."