அக்கா பாடிய ஆல்டோ

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் சபையாருக்கும் அக்காவின் ஒரே தம்பி ஸ்தோத்திரம் சொல்லிக்கொள்கிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. அக்காவைப் பற்றி எழுத வீட்டில் வேறு ஆளும் இல்லை.

அக்கா பிறந்தது பூந்தமல்லியில். அப்பாவுக்கு ஆவடியில் வேலை கிடைத்ததும் சேக்காட்டுக்குக் குடிவந்தோம். அப்பா போன பிறகு அக்கா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்கவைத்தார். படுக்கையில் விழுந்த அம்மாவைக் கடைசிவரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டார். வந்த வரன்களையெல்லாம் ஏன் தட்டிக்கழித்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால், "உனக்கு இன்னாத்துக்குடா அது? போய் வேலையப் பாரு" என்பார்.

டிசம்பர் பிறந்துவிட்டால் அக்கா வேறு ஆள். அப்பா காலத்துக் கேசட் ஒன்று உண்டு, நான்கு ஆண்கள் வாத்தியமே இல்லாமல் பாடியது. அதில்தான் தொடங்குவார். அடுத்தது, வயலின்கள் மட்டும் வாசிக்கும் கிறிஸ்துமஸ் கீதங்கள். டிரம்ஸ் அடித்து நொறுக்கும் புதுப் பாட்டு எதையாவது நான் போட்டால் தொலைந்தேன். "மாட்டுக்கொட்டாயில கொயந்த தூங்கினு கீது, இவனுங்க இன்னாடா கல்யாண பேண்டு வாசிக்கிறானுங்க!" என்று அணைத்துவிடுவார். அக்கா சொன்னது சரிதான். பண்டிகை நாட்களில் கேட்பதற்கு அந்த இரண்டையும் நானும் சிபாரிசு செய்கிறேன்.

மூன்றாவது, நம் சபைப் பாடகர் குழு வெளியிட்ட சிடி. குமணன்சாவடியில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். சத்தம் விழுமென்று ஃபேனை நிறுத்திவிட்டதால் எல்லோரும் வியர்வையில் குளித்தார்களாம். அக்கா ஆல்டோ, அதாவது மெட்டுக்குக் கீழே ஓடும் குரல். எனக்கோ மெட்டைத் தவிர எதுவும் காதில் ஏறாது. "நீ எங்கக்கா பாடுற?" என்று கேட்டால், "கயிதைக்குத் தெரியுமா கற்பூர வாசன" என்று சிரிப்பார்.

சென்ற ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் காப்பாற்ற முடியவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குத் துக்க வீடென்று ஸ்டார் கட்டவில்லை. வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வந்தவர்களும் எங்கள் வீட்டில் பாடாமல், வாசலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு அம்மாதான் குழம்பு கொண்டுவந்து, "இன்னா தம்பி, ஊடு இருட்டா கீது? ஒரு லைட்டாச்சும் போடுப்பா" என்றார். போட்டேன். போட்டும் வீடு அப்படியேதான் இருந்தது.

அக்காவின் குரலைக் கேட்டால் போதுமென்று இருந்தது. கைப்பேசியில் ஒன்றுமில்லை; அக்கா எதையும் எழுதித்தான் அனுப்புவார். மிச்சம் இருந்தது அந்த சிடி. வேலை முடிந்து வந்தால் அதைத்தான் போடுவேன். எந்தப் பாட்டிலும் அக்கா எனக்குக் கிடைக்கவில்லை. சபையில் கீபோர்டு வாசிக்கும் இளைஞரிடம் அக்கா குரலை மட்டும் பிரித்துத் தரச் சொன்னேன். "முடியாதுண்ணா. ஆல்டோ மூணு பேரும் ஒரே மைக்லதான் பாட்னாங்க" என்றார். அவர் மேல் கோபப்பட்டு என்ன பயன்? வீட்டுக்கு வந்து அழுதேன். இதை உங்களிடம் மறைப்பானேன்.

இந்த மலர் வேலை தொடங்கியபோது, அக்காவுக்குப் பக்கத்தில் நின்று பாடிய சகோதரி வீட்டுக்கு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த சிடியில் இருக்கும் தாலாட்டுப் பாட்டைப் போடச் சொல்லி, முதல் சரணம் முடிந்ததும் கையைத் தூக்கினார்.

"இந்த எடத்துல வாத்தியம் எல்லாம் நின்னுடும். நல்லா கேளுங்க பிரதர். யாரோ மூச்சு இழுக்கிற சத்தம் வந்துச்சா? அது உங்கக்கா. அவங்க மூச்சு எடுக்கிறதப் பாத்துத்தான் நாங்க ரெண்டு பேரும் ஆரம்பிப்போம். அப்பாலிக்கா மூணும் ஒண்ணாயிடும், எனக்கே பிரிச்சிச் சொல்லத் தெரியாது."

எனக்குக் கேட்டது.

அந்தச் சகோதரிக்கும், ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த அண்டை அயலாருக்கும், அடக்கத்தை முன்னின்று நடத்திய போதகர் ஐயாவுக்கும், இன்றைக்கும் என்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிற பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் என் நன்றி. தாலாட்டுப் பாட்டை உங்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் முழுவதும் கேளுங்கள், நன்றாகப் பாடியிருக்கிறார்கள். நான் அந்த மூச்சு வரைக்கும் கேட்டுவிட்டு, மற்றவர்கள் சேர்வதற்குள் நிறுத்திவிடுகிறேன்.